அம்பத்தூரில் ஒரு ‘கூடாது’வைத் தேடி

ஒரு வாக்கியத்தைத் திருத்தக் கடல் கடந்து வந்திருக்கிறேன் என்றபோது என் மச்சாள் ரஞ்சினி விழுந்து விழுந்து சிரித்தாள். கணவரின் தங்கை. கல்யாணமாகி வந்து ஐயப்பன்தாங்கலில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். யாழ்ப்பாணத்து உறவினர்கள் சென்னைக்கு எதற்கு வருவார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. பட்டுச்சேலை எடுக்க வருவார்கள், கண்ணை வைத்தியரிடம் காட்ட வருவார்கள், திருப்பதி போகிற வழியில் குளிக்க வருவார்கள்.

“ஒரு வசனத்துக்காகவோ? ஒரு ஈமெயில் போட்டிருக்கலாமே மச்சாள்!”

போடாமலா வந்தேன்? எத்தனை போட்டேன் என்பது எனக்கே மறந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் கண் இமைப்பதற்குள் பதில் வந்தது. “உங்கள் பொறுமைக்கு நன்றி. உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியமானது.” அப்பழுக்கற்ற ஆங்கிலம். இவ்வளவு பணிவாக இவ்வளவு விரைவாக எந்த மனிதனும் எனக்குப் பதில் எழுதியதில்லை. அதில்தான் எனக்குச் சந்தேகமே வந்தது.

விஷயம் இதுதான். நான் பல்கலைக்கழகத்தில் சமூக மருத்துவம் படிப்பிக்கிறவள். எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கு இடுகிற உரம் கிணற்றில் இறங்கி, நீரில் நைட்ரேட் ஏறிக் கிடக்கிறது. பெரியவர்கள் தாக்குப்பிடித்துவிடுவார்கள். கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் சாகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் செறியும். ஆகவே எங்கள் ஆங்கில ஆய்வுக் கட்டுரையில் நான் எழுதிய வாக்கியம், தமிழில் சொன்னால்: “இந்நீரைக் கொதிக்க வைத்தாலும் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது.” வெளிநாட்டுச் சஞ்சிகையில் அச்சாகி வந்த வாக்கியம்: “இந்நீரைக் கொதிக்க வைத்த பின்பே கைக்குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டும்.”

‘கூடாது’ என்ற சொல்லைக் காணவில்லை. யாரோ, அல்லது எதுவோ, அதைத் தின்றுவிட்டது. இதற்கிடையில் எங்கள் சுகாதாரப் பணிமனையில் அந்தக் கட்டுரையைப் பார்த்துத் தாய்மாருக்கு ஒரு துண்டுப்பிரசுரம் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். “நீங்கள் சொல்லுறது ஒண்டு, அச்சில இருக்கிறது இன்னொண்டு. அச்சில திருத்தம் வந்தா மாத்துறம்” என்றார் அங்கிருந்த அதிகாரி. அச்சுக்கு அவ்வளவு மரியாதை.

சஞ்சிகை வெளிநாட்டில் இருந்தாலும் அதன் பக்கங்களைச் செப்பனிட்டு ஏற்றுகிற வேலை அம்பத்தூரில் ஒரு நிறுவனத்தில் நடக்கிறது என்று மின்னஞ்சலின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. அதே நிறுவனம் பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு பொறியியல் கல்லூரியோடு சேர்ந்து ஒரு கருத்தரங்கு நடத்துவதாக அறிவித்திருந்தது. தலைப்பு, ஆய்வு வெளியீட்டில் செயற்கை நுண்ணறிவைப் பொறுப்புடன் பயன்படுத்துவது. நான் பெயர் கொடுத்துவிட்டு வந்து இறங்கிவிட்டேன்.

முதல் இரவு ரஞ்சினி எனக்காக இடியப்பம் வாங்கி வந்தாள். கூடவே சீனியும் தேங்காய்ப்பூவும். சொதி இல்லை, சம்பல் இல்லை. இடியப்பத்துக்குச் சீனி தூவித் தின்கிற ஊரில் ஒரு வாக்கியம் தலைகீழானதில் என்ன அதிசயம் என்று நினைத்துக்கொண்டு தின்றேன். காலையில் வந்த கோப்பியை மட்டும் குறை சொல்ல முடியவில்லை. முயன்று பார்த்தேன்.

கருத்தரங்குக்கு ஓட்டோ பிடித்தேன். சாரதி என் தமிழைக் கேட்டதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “இன்னா மேடம், கேரளாவா?”

“இல்லை, யாழ்ப்பாணம்.”

“அதான பாத்தேன். தமிழ் மாரியும் கீது, இல்லாத மாரியும் கீது.” அவர் பேசியதைப் பற்றி நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். “காலேஜ்ல இன்னா ஃபங்ஷனு?”

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கதைக்கப் போகிறார்கள் என்றேன்.

“ஏஐயா? நம்ம பொண்ணு லீவ் லெட்டர்லாம் அதுலதான் எய்துது. ஜொரம்னு எய்தச் சொன்னா அது டைபாய்டுன்னு எய்திக் குட்த்துச்சு. மிஸ்ஸு ஊட்டுக்கே வந்துட்டாங்கோ, பயந்துபோயி.”

மெட்ரோத் தூண்களுக்குக் கீழே, புழுதியில், குமணன்சாவடி வரை ஊர்ந்தோம். பிறகு அவருடைய கைப்பேசி குறுக்குவழி ஒன்றைக் காட்டியது. அது சென்னீர்குப்பத்தில் ஒரு தெருவுக்குள் அழைத்துப்போய், கழிவுநீர்க் குழாய்க்காகத் தோண்டிய பள்ளத்தின் விளிம்பில் நிறுத்தி, “நேராகச் செல்லவும்” என்றது. பள்ளத்துக்குள் நின்ற தொழிலாளி ஒருவர் எங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, கையால் திரும்பிப் போகச் சொன்னார். பின்னோக்கியே வந்தோம்.

கல்லூரி வாசலில் பெரிய பதாகை. ஆங்கிலத்தில் குறையே இல்லை. கீழே தமிழ் போட்டிருந்தார்கள், தமிழ்நாடல்லவா. “கல்விசார் வெளியேற்றத்தில் பொறுப்பான செயற்கை நுண்ணறிவு” என்று இருந்தது. வெளியீடு வெளியேற்றமாகிவிட்டது. அதற்குக் கீழே “அமர்வு நாற்காலி” என்று போட்டு ஒரு பேராசிரியரின் படம். பாவம், அமர்வுக்குத் தலைமை தாங்க வந்த மனிதர். அவர் அந்தப் பதாகைக்கு முன்னாலேயே நின்று புன்னகையோடு படம் எடுத்துக்கொண்டார். நுழைந்தவர்கள் எல்லாரும் அதைக் கடந்துதான் போனார்கள். ஒருவரும் வாசிக்கவில்லை, அல்லது வாசித்தும் வெட்கப்படவில்லை.

எனக்கு முன் வரிசையில் இரண்டு பேராசிரியர்கள் ஆங்கிலத்தில் குசுகுசுத்தார்கள். தமிழில் தருகிறேன்.

“இந்த வருஷம் எத்தனை கட்டுரை போட்டீர்கள்?”

“என்னைக் கேட்டால்? அதைத்தான் கேட்கவேண்டும்.” அவர் தன் மடிக்கணினியைத் தட்டிக் காட்டினார். இருவரும் தோள் குலுங்கச் சிரித்தார்கள்.

அம்பத்தூர் நிறுவனத்தின் சார்பில் பேசியவர் ஆனந்தகுமார். தரக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பானவர். மதுரைப் பக்கம், நல்ல கணீர்க் குரல், மடிப்புக் கலையாத சட்டை. “இயந்திரம் உதவி செய்யும். முடிவை மனிதர்தான் எடுப்பார். ஒரு மனிதக் கண் படாம எங்க ஆபீஸ்லேர்ந்து ஒரு கட்டுரைகூட வெளிய போகாது” என்றார். கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது. திரையில் ஒரு பெரிய கண் தோன்றிச் சிமிட்டியது. அந்தக் கண்ணும் இயந்திரம் வரைந்ததுதான் என்று பிறகு அவரே பெருமையாகச் சொன்னார்.

நான் எழும்பினேன். “எங்கட கட்டுரையில ‘குடுக்கக்கூடாது’ எண்டு எழுதினதை ‘குடுக்க வேணும்’ எண்டு மாத்தியிருக்கு. அதைப் பாத்த மனிசக் கண் ஆரின்ர கண்?”

மண்டபம் திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் ஒருவர் “மலையாளியா?” என்று பக்கத்தில் கேட்டது எனக்குக் கேட்டது.

“வெரி குட் கொஸ்டின் மேடம்,” என்றார் ஆனந்தகுமார். “இத நம்ம ஆஃப்லைன்ல பேசிக்கலாம்.”

“ஆஃப்லைன் எண்டா நாளைக்கு உங்கட ஒஃபிசுக்கு வரட்டோ?”

அத்தனை பேர் முன்னால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? வரச்சொன்னார்.

மத்தியானம் காய்கறிப் பிரியாணியும் கோபி மஞ்சூரியனும். எங்கள் ஊரில் கருத்தரங்குக்குச் சோறும் கறியும் வைப்பார்கள். தின்றுவிட்டுப் பிற்பகல் அமர்வில் எல்லாரும் நேர்மையாக நித்திரை கொள்வார்கள். இங்கே விழித்துக்கொண்டே நித்திரை கொண்டார்கள். நிகழ்ச்சி முடியுமுன்னரே கைப்பேசிக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. நான் “அனைத்து அமர்வுகளிலும் ஆர்வத்துடன் பங்கேற்று மிகுந்த பயன் பெற்றதாக” அதில் இருந்தது. கடைசி அமர்வு இன்னும் தொடங்கவில்லை.

அடுத்த நாள் அம்பத்தூர் எஸ்டேட். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். இரும்பு வெட்டுகிற பட்டறைகளுக்கும் பார வண்டிகளுக்கும் நடுவில் கண்ணாடிக் கட்டடம். உள்ளே போனதும் பல் கிட்டுகிற குளிர். வரிசை வரிசையாகத் திரைகள், பாதி நாற்காலிகள் காலி. முன்பு எல்லா நாற்காலியிலும் ஆள் இருந்ததாம். அதையும் ஆனந்தகுமார் பெருமையாகத்தான் சொன்னார்.

என் கட்டுரையைத் திரையில் திறந்தார். “பாருங்க மேடம், தப்பு எங்க சைடு இல்ல. எங்க ஏஐ டூல் அந்தச் சென்டென்ஸ தெளிவா மாத்திச்சு. மாத்திட்டு ஆத்தருக்கு ஒரு கேள்வியும் அனுப்பிச்சு, ‘இப்படித்தானே சொல்ல வர்றீங்க?’ன்னு. உங்க புரொஃபசர் ஆமான்னு கன்ஃபர்ம் பண்ணியிருக்காரு.”

“கேள்வியை எழுதினது ஆர்?”

“அதுவும் டூல்தான்.”

சஞ்சிகையோடு கடிதத் தொடர்புக்குப் பெயர் கொடுத்திருந்த எங்கள் துறைத் தலைவர் அனுப்பிய பதிலை ஆனந்தகுமார் வாசித்துக் காட்டினார். கேள்வியின் கூர்மையைப் பாராட்டி ஒரு பத்தி, மாற்றம் வாசகருக்கு எவ்வளவு உதவும் என்று ஒரு பத்தி, நன்றி கூறி ஒரு பத்தி. எங்கள் தலைவரை எனக்கு நெடுங்காலமாகத் தெரியும். சொந்த மகளின் கல்யாணத்துக்கே ஒரு வரியில் அழைப்பு அனுப்பியவர்.

அங்கிருந்தே அவருக்கு அழைத்தேன். “ஓ, அதோ?” என்றார். “அந்தக் கேள்வியை நான் கணினியிட்டக் குடுத்தனான் பிள்ளை. நல்ல இங்கிலீசில பதில் எழுதித் தந்தது.”

“நீங்கள் வாசிச்சனீங்களோ சேர்?”

“எல்லாத்தையும் வாசிச்சுக்கொண்டிருக்க ஏலுமே? நீயும் சும்மா அதைக் கிளறாத. சஞ்சிகைக்காரர் எங்கட துறையைப் பற்றி என்ன நினைப்பினம்?”

தொலைபேசியை வைத்தேன். அம்பத்தூரில் ஒரு இயந்திரம் கேட்டிருக்கிறது, யாழ்ப்பாணத்தில் ஒரு இயந்திரம் ஆமென்றிருக்கிறது. நடுவில் இருந்த மனிதர்கள் எல்லாரும் வேறு அலுவலாகப் போய்விட்டார்கள்.

“சரி, இந்த ‘கூடாது’வைத் திருப்பிப் போடுங்கோ” என்றேன்.

“அப்படிப் பண்ண முடியாது மேடம். இது தப்புன்னா உடனே திருத்தலாம். ஆனா ரெக்கார்ட்படி இது தப்பு இல்ல. ஆத்தர் ஒத்துக்கிட்டாரு, எங்க எடிட்டர் படிச்சுட்டு அப்ரூவ் பண்ணியிருக்காங்க. இத மாத்தணும்னா உங்க புரொஃபசர் அப்ளை பண்ணணும், கமிட்டி பாக்கணும்...”

“வாசிச்ச எடிற்றர் ஆர்?”

திரையைப் பார்த்தார். “கலைச்செல்வி.”

“அவவைக் கூப்பிடுங்கோ.”

“லீவுல இருக்காங்க” என்றவர் அவசரமாக எனக்குத் தேநீர் சொல்லி அனுப்பினார். தேநீர் வருமுன் அவருக்குக் கூட்டம் வந்துவிட்டது.

வெளியே பெட்டிக்கடையில் நின்று ஒரு டீ குடித்தேன். உள்ளே எங்கள் பேச்சு காதில் விழுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், கழுத்தில் அட்டையோடு, என் பக்கத்தில் வந்து நின்றாள். “மேடம், கலை பிரசவ லீவுல இருக்கா. உங்க கட்டுரை வந்தப்போ அவ ஆபீஸ்லயே இல்ல. அவ பேர்ல லாகின் அப்டியே ஓடிக்கினு கீது.” சுற்றிப் பார்த்துவிட்டுத் தன் கைப்பேசியில் கலைச்செல்வியை அழைத்து என்னிடம் தந்தாள். மறுமுனையில் குழந்தை அழுகிற சத்தம். “நாளைக்கு வாங்க மேடம், வேப்பம்பட்டு ஸ்டேஷன்ல இறங்கி ஃபோன் பண்ணுங்க” என்றது ஒரு களைத்த குரல்.

வேப்பம்பட்டில் இறங்குவது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. அம்பத்தூரில் வந்த ரயிலில் ஏறினேன். ஆவடி தாண்டியதும் அது நிற்காமல் பாய்ந்தது. வேப்பம்பட்டு என்ற பெயர்ப்பலகை ஜன்னலைக் கடந்து ஓடுவதைக் கண்ணால் கண்டேன். கொய்யாப்பழம் விற்றுக்கொண்டு வந்த அம்மா, “இது ஃபாஸ்ட்டு வண்டி கண்ணு, திருவள்ளூர்லதான் நிக்கும். ஏறச்சொல்ல பலகையப் பாக்கலியா?” என்று கேட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய கொய்யாவை நீட்டினார். நானும் வாசிக்காமல்தான் ஏறியிருக்கிறேன். கொய்யா உறைத்தது. இந்தப் பயணத்தில் எனக்கு உறைத்த முதல் சாப்பாடு அது. திருவள்ளூரில் இறங்கி, வந்த வழியே திரும்பினேன்.

கலைச்செல்வியின் வீடு மனைகளாகப் பிரித்த வயல் ஒன்றின் நடுவில் இருந்தது. அந்த வயல் முன்பு அவள் கணவன் தணிகாசலத்தின் குடும்பத்துடையது. இப்போது அவன் கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறான். குழந்தை தொட்டிலில் கிடந்தது, பெண். கலைச்செல்விக்கு முப்பது வயது இருக்கும். ஆங்கில எம்.ஏ. என் கட்டுரையைக் கைப்பேசியில் காட்டி, நடந்ததைச் சொன்னேன்.

“நான் எட்டாம் மாசத்துலேர்ந்து வீட்லதான் மேடம் இருக்கேன். இந்தக் கட்டுரைய இப்பத்தான் பாக்கறேன்.”

“உங்கட பேர் இருக்கே?”

“வெச்சிருப்பாங்க. கிளையன்ட்டுக்கு ஒரு மனுஷப் பேர் காட்டணும். கிளிக் பண்ணா அப்ரூவ் ஆயிடும், யார் பண்றாங்கன்னு யாருக்குத் தெரியும்?” முதலில் அவளுக்குக் கோபம் வரவில்லை. இதெல்லாம் வழக்கம்தானே என்ற முகம். “அது என்ன மேடம் அவ்ளோ பெரிய தப்பு? கொதிக்க வெச்சுத்தான நாங்களும் குடுக்கறோம்?”

நைட்ரேட் என்றால் என்ன என்று விளக்கினேன். அவள் என்னை நம்பாமலோ, நம்பப் பயந்தோ, கைப்பேசியை எடுத்து அதிலிருந்த செயற்கை நுண்ணறிவிடம் கேட்டாள். கிணற்று நீரில் நைட்ரேட் இருந்தால் கைக்குழந்தைக்குக் கொதிக்க வைத்துக் கொடுக்கலாமா? பதில் உடனே வந்தது. கொடுக்கலாம், கொதிக்க வைத்த பின்பே கொடுக்க வேண்டும். அடியில் ஆதாரம் காட்டியிருந்தது. எங்கள் கட்டுரை. என் பெயர், எங்கள் தலைவரின் பெயர்.

அதுவரை நான் ஒரு மூட அலுவலகத்தோடு சண்டை பிடிப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்துத் துண்டுப்பிரசுரம் மட்டுந்தான் என் கவலையாக இருந்தது. இப்போது வேப்பம்பட்டிலேயே, தொட்டிலுக்குப் பக்கத்திலேயே, என் பெயரால் அது பேசிக்கொண்டிருந்தது.

கலைச்செல்வி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். “இதுக்கா என் பேரு கீது?” என்றாள். அதுவரை அலுவலகத் தமிழில் பேசியவள். “படிச்சு ஓகே பண்ணேன்னு என் பேரா மேடம்?”

“நான் வாசிக்கேல்ல, லீவில நிண்டனான் எண்டு ஒரு மெயில் எழுதினாப் போதும். பிறகு அது பதிவின்படியே தப்பு. அவை திருத்தத்தான் வேணும்.”

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தணிகாசலம் உள்ளே வந்தான். “மேடம், கோச்சுக்காதீங்கோ. இது மெயில் போட்டா வேலைய வுட்டுத் தூக்கிடுவானுங்கோ. ஏற்கனவே பாதிப் பேர தூக்கிட்டானுங்கோ. நீங்கோ பிளேன் ஏறிப் பூடுவீங்கோ.”

அவன் சொன்னதில் பிழை இல்லை. கலைச்செல்வி எழுந்துபோய் மெதுவாகத் தொட்டிலை ஆட்டினாள்.

“நான் யோசிக்கணும் மேடம்” என்றாள். எனக்கு மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்துவிட்டேன். திரும்பும்போது பலகையைப் பார்த்து, எல்லா நிலையத்திலும் நிற்கிற வண்டியில் ஏறி, எல்லா நிலையத்திலும் நின்று வந்தேன்.

மறுநாள் காலை ரஞ்சினி பொங்கலும் வடகறியும் வாங்கி வந்து, “இனியாவது சேலைக்கடைக்குப் போவமோ?” என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது கைப்பேசி அடித்தது. கலைச்செல்வி. “மேடம், மெயில் போட்டுட்டேன். ஜர்னல் ஆபீஸ், ஆனந்தகுமார் சார், ரெண்டு பேருக்கும். சார் உடனே வரச்சொல்றாரு. நீங்களும் வாங்க.”

நான் போய்ச் சேர்ந்தபோது தணிகாசலத்தின் வேன் வெளியே நின்றது. வேண்டாமென்று சொன்னவனே கூட்டிக்கொண்டு வந்திருந்தான். “சொன்னா கேக்கற ஆளா அது?” என்றான் என்னிடம். குரலில் கொஞ்சம் பயமும் கொஞ்சம் பெருமையும் இருந்தன.

உள்ளே கலைச்செல்வி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஆனந்தகுமாரின் மேசைக்கு எதிரில் இருந்தாள். அவர் சட்டை அன்று கொஞ்சம் கசங்கியிருந்தது. வெளிநாட்டிலிருந்து சஞ்சிகைக்காரர்கள் அழைத்துவிட்டார்கள் போலும். இம்முறை மனிதர்களே.

“கலை, ஒண்ணும் பிரச்சினை இல்ல” என்றார். “‘சிஸ்டத்துல டெக்னிக்கல் இஷ்யூ, என் பேர் தவறுதலா வந்துடுச்சு’ன்னு ஒரு லைன் எழுதிக் குடுத்துடு. நாங்க கரெக்ஷன் போட்டுடறோம். முடிஞ்சுது.”

“தவறுதலா வரல சார். நீங்க வெச்சீங்க.”

“நானா? அது டூல் தானா எடுத்துக்கிச்சு.”

“டூலுக்கு நான் முழுகாம இருந்தது தெரியாது சார். உங்களுக்குத் தெரியும். எனக்கு வளைகாப்பு போட்டதே இந்த ஹால்லதான்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். எனக்குள்ளே ஒரு கைதட்டல் எழுந்தது, கருத்தரங்கு மண்டபத்தில் கேட்டதைவிடப் பெரியது.

“சரி, உன் பேர எடுத்துடறேன்” என்றார். “ஆனா யாராவது ஒருத்தர் பேர் வேணுமே. கரெக்ஷன் போகணும்னா முழுக் கட்டுரையையும் படிச்சேன்னு ஒரு பேர் இருக்கணும்.”

“உங்க பேரப் போடுங்க சார்.”

“நான் படிக்கலையே.”

“படிச்சுட்டுப் போடுங்க.”

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். திருத்தம் அன்றே வெளிவந்தது. “கட்டுரையாசிரியர்களின் கவனக்குறைவால் நேர்ந்த சிறு மொழிப்பிழை” என்று அதற்குக் காரணம் போட்டார்கள். பிழை விட்டவர்கள் யாரும் அந்த அறிவிப்பில் இல்லை, நான் இருக்கிறேன். எங்கள் தலைவர் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். அது எனக்கு நஷ்டம் என்று யாரும் சொல்லவில்லை. துண்டுப்பிரசுரம் சரியான வாக்கியத்தோடு வந்தது. கலைச்செல்வி விடுப்பு முடிந்து வேலைக்குப் போகிறாள், வேறு பிரிவில். பக்கத்து நாற்காலிக்காரர்கள் அவளோடு பேசச் சில நாள் பயந்தார்களாம். அந்த நிறுவனம் அடுத்த கருத்தரங்குக்கு எனக்கு அழைப்பு அனுப்பியிருக்கிறது. பதில் எழுதவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது அன்று அந்த மேசையில் நடந்ததை.

ஆனந்தகுமார் கட்டுரையைத் திறந்து விரலால் தள்ளத் தொடங்கினார். பக்கங்கள் மழைத்தண்ணீர் மாதிரி ஓடின. “சார், இதுக்குப் பேர் படிக்கிறதில்ல” என்றாள் கலைச்செல்வி. அவருக்கு முகம் சிவந்தது. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு உண்மையாகவே வாசிக்கத் தொடங்கினார், ஒவ்வொரு வரியாக, பள்ளிக்கூடப் பிள்ளைபோல உதடு அசைய. ஒருமுறை தொலைபேசி அடித்தது. எடுக்கவில்லை. குழந்தை அழுதது, கலைச்செல்வி மூலையில் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். யாரும் எழும்பிப் போகவில்லை.

நடுவில் நிமிர்ந்தார். “மேடம், உங்க ஊர்ல பூங்காவுக்குள்ள கிணறு இருக்குமா?”

எட்டிப் பார்த்தேன். நாங்கள் ஆங்கிலத்தில் எழுதிய தோட்டக் கிணற்றை அந்த டூல் பூங்காக் கிணறாக்கியிருந்தது. “தோட்டம் எண்டா வெங்காயமும் புகையிலையும் வைக்கிற நிலம். ஆக்கள் உலாவுற பூங்கா இல்லை” என்றேன். இதை நானும் கவனித்திருக்கவில்லை. அவரே அதைத் திருத்தினார்.

மறுபடி வாசித்தார். கடைசிப் பகுதிக்கு வந்ததும் விரல் நின்றது. நெடுநேரம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதன்முறையாக அவர் குரலில் அந்தக் கணீர் இல்லை.

“கொழந்த நீலமா மாறிடும்னு எழுதியிருக்கீங்களே. நெஜமாவே மாறுமா மேடம்?”

“மாறும். முதல் உதடு. பிறகு நகம். நான் ஆஸ்பத்திரி வாட்டில பாத்த பிள்ளையின்ர தாய், குளிருக்குத்தான் அப்பிடி எண்டு நினைச்சுப் போர்வையால சுத்திக்கொண்டு வந்தவ.”

“அந்தப் புள்ள?” என்று கேட்டது கலைச்செல்வி.

“உயிர் தப்பேல்லை.”

ஆனந்தகுமார் தன் பெயரை அடிக்க வேண்டிய கட்டத்துக்குக் கையைக் கொண்டுபோனார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, கட்டுரையை மறுபடியும் முதல் பக்கத்துக்குக் கொண்டுபோய், முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.